தெரியேல்லை அக்கா

சண்டிலிப்பாயில் இருந்த அந்தக் கராஜுக்கு முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் கோபத்தோடுதான் திரும்பி வருவார்கள். வாகனத்தைக் கொண்டுபோய் நிறுத்தி, பொனற்றைத் திறந்து, இப்படிச் சத்தம் வருகிறது, இப்படி இழுக்கிறது என்று பத்து நிமிடம் விளக்கம் சொல்லி முடிய, கராஜை நடத்தும் அக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியேல்லை" என்பார்.

வேறு எந்தக் கராஜிலும் இந்தச் சொல்லைக் கேட்க முடியாது. மற்ற இடங்களில் வாகனம் வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் திரும்பும்போதே வருத்தம் என்னவென்று சொல்லிவிடுவார்கள். சென்சர் என்பார்கள், பம்ப் என்பார்கள், கொழும்பிலிருந்து சாமான் எடுப்பிக்க வேண்டும் என்பார்கள். கேட்பவருக்கும் அதில் ஒரு நிம்மதி இருக்கும். இவரிடம் அந்த நிம்மதி கிடைக்காது. "நிக்கட்டும். பாப்பம்" என்பார். எத்தனை நாள் நிற்க வேண்டும் என்று கேட்டால் அதற்கும் அதே பதில்தான்.

அதனால் ஊரில் அவருக்குத் 'தெரியேல்லை அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயர் அவர் காதுக்கும் போயிருந்தது. ஒருநாள் வழி தெரியாத ஓட்டோக்காரர் ஒருவர் வாசலில் நிறுத்தி, "தெரியேல்லை அக்கான்ரை கராஜ் இதே?" என்று அவரிடமே கேட்டுவிட்டார். "ஓம், நான்தான். உள்ளுக்குக் கொண்டு வாங்கோ" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

எங்கள் பேச்சில் 'தெரியாது' வேறு, 'தெரியேல்லை' வேறு. தெரியாது என்று சொன்னவர் எழும்பித் தன் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். தெரியேல்லை என்றவர் இன்னும் பார்த்துக்கொண்டே நிற்கிறார் என்று பொருள். இதை நான் விளங்கிக்கொள்ள ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அந்தக் காலத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். மெலிந்த, உயரமான உருவம். ஆண்கள் போடும் பெரிய சேட், நீளக் காற்சட்டை, தலைமயிரை உச்சியில் கொண்டையாக முடிந்து அதற்குள் ஒரு பென்சில். இடது உள்ளங்கையில் பழைய எரிகாயத் தழும்பு ஒன்று. "வேலை எங்கை படிச்சனீங்கள்?" என்று கேட்டால், "வன்னியிலை" என்பார். "வன்னியிலை எங்கை?" என்றால், "கராஜிலை" என்பார். அதற்கு மேல் மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் யுத்தம் முடிந்த அந்த வருடங்களில் மூன்றாவது கேள்வி கேட்கிற வழக்கம் இருக்கவில்லை.

கராஜ் என்பது புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. ஒரு பக்கம் சாமான்கள், மறுபக்கம் ஒரு மேசை, மேசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் கொப்பி ஒன்று. வாகனக்காரர் சொல்வதை அதில் எழுதிக்கொள்வார். எல்லா மெக்கானிக்மாரும் எப்போது பழுதாகிறது என்று கேட்பார்கள். இவர் கேட்பது, "நல்லா ஓடினது எப்ப?" ஆட்கள் திகைத்துப் போவார்கள். வாகனம் நன்றாக ஓடும்போது யார் கவனிக்கிறார்கள்?

ஒரு லொறி முதலாளி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் வந்து கத்தினார். "பொம்பிளையட்டைக் கொண்டு வந்து விட்டது என்ரை பிழை" என்றார். நானும் அன்று அங்கே நின்றேன். அக்கா நிமிர்ந்து பார்த்து, "இருக்கலாம், ஐயா. எஞ்சினுக்கு வேறை ஆரையும் பாருங்கோ. ஆனால் உங்கடை பின் பிரேக் சரியில்லை. அதை மட்டும் செய்து தாறன், பேந்து போங்கோ" என்றார். முதலாளி திட்டிக்கொண்டே நிழலில் குந்தியிருந்தார். பிரேக் வேலை முடிய ஒன்றரை மணித்தியாலம் ஆனது. அதன் பிறகு முதலாளி வேறெங்கும் போகவில்லை. லொறி அங்கேயே நின்றது.

வாகன விசயத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அந்த ஒழுங்கையில் இருந்த ஒரு பெடியனுக்குக் கலியாணப் பேச்சு வந்தபோது, பெண் வீட்டார் விசாரிக்க இவரிடம் வந்தார்கள்.

"பெடியன் எப்பிடி, பிள்ளை?"

"தெரியேல்லை."

"பக்கத்திலை தானே இருக்கிறீர்?"

"காலமை அஞ்சு மணிக்கு எழும்பித் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிறார். ஒரு நாளும் பிந்தினதில்லை. தாய்க்குத் தேத்தண்ணி போட்டுக் குடுத்திட்டுத்தான் மோட்டரைப் போடுவார். அவ்வளவும்தான் தெரியும்."

பெண் வீட்டார் வேறு யாரையும் விசாரிக்கவில்லை. அந்தக் கலியாணத்துக்கு இவரும் போனார். சேலை கட்டிக்கொண்டு வந்த அவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இனி எங்கள் காருக்கு வருகிறேன்.

என் தமக்கையும் அத்தானும் உடுவிலில் இருந்தார்கள். எனக்குத் தாய் தகப்பன் இல்லை, அவர்களோடுதான் நானும். அத்தானுக்குச் சுன்னாகத்தில் இரும்புச் சாமான் கடை. நான் கடையிலும் நிற்பேன், அவருக்குக் காரும் ஓடுவேன். கார் என்றால் சும்மா கார் இல்லை. கொழும்பில் ஒருவரிடமிருந்து வாங்கிய வெளிநாட்டுச் சொகுசுக் கார். வெள்ளி நிறம், பதனிட்ட தோல் இருக்கை. கதவைச் சாத்தினால் வெளியே மழை பெய்வதுகூடக் கேட்காது. அத்தான் பின் இருக்கையில் இருந்து வீதியால் போகிறவர்களைப் பார்ப்பதற்கென்றே அதை வாங்கினார் என்று தமக்கை சொல்வாள்.

வாங்கிய அடுத்த வருடம் அத்தானும் தமக்கையும் மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கனடா போனார்கள். ஐந்து மாதம் கார் கொட்டகைக்குள் துணி போர்த்தியபடி நின்றது. இடைக்கிடை நான் ஸ்ரார்ட் செய்துவிட்டு அணைத்துவிடுவேன், அவ்வளவுதான். அவர்கள் திரும்பி வந்து ஓடத் தொடங்கியதும் வருத்தம் ஆரம்பித்தது.

முதல் இருபது நிமிடம் பட்டுப் போல ஓடும். பிறகு அக்சிலேற்றரை அமத்தினால் எடுபடாது. எஞ்சின் திணறும். இன்னும் அமத்தினாலும் அப்படியே ஊரும். திடீரென்று, நாங்கள் எதிர்பாராத நேரத்தில், அமத்தியதற்கெல்லாம் சேர்த்து ஒரேயடியாகப் பாயும். ஓரமாக நிறுத்தி அரை மணித்தியாலம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி பட்டு.

மூன்று கராஜ்கள் பார்த்தன. பெற்றோல் பம்ப் மாற்றினார்கள், பில்ற்றர் மாற்றினார்கள், ஏதோ சென்சர் கொழும்பிலிருந்து வந்தது. ஒவ்வொரு தடவையும் "இனிப் பிரச்சினை வராது" என்றார்கள். இருபது நிமிடம் வரைக்கும் அது உண்மையாகத்தான் இருந்தது. கடைசியில், அத்தானுக்கு மனமில்லாவிட்டாலும், சண்டிலிப்பாய்க்குக் கொண்டு போனோம்.

"எனக்குத் தெரியேல்லை" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "நல்லா ஓடினது எப்ப, தம்பி?"

யோசித்துப் பார்த்தேன். "பெற்றோல் அடிச்ச கையோடை நல்லா ஓடும், அக்கா. எவ்வளவு தூரம் வந்து அடிச்சாலும் பிறகு சரியாகியிடும்."

கொப்பியில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

நான்கு நாள் கார் அங்கே நின்றது. தாங்கியில் இருந்த பெற்றோலை முழுக்க இறக்கித் துணியால் வடித்துப் பார்த்தார். தண்ணீர் இல்லை, ஊத்தை இல்லை. வேறு பெற்றோல் ஊற்றிப் பார்த்தார். வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் கீரிமலைப் பக்கம் ஓடிக்கொண்டு போகும்போது அவருக்கும் அது தன் குணத்தைக் காட்டியது. இறங்கிப் பொனற்றைத் திறந்து தேடுவதற்குள் சரியாகிவிட்டது. அன்று அவர் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கவே இல்லை என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

ஐந்தாம் நாள் காலை அத்தானின் வியாபாரச் சிநேகிதர் ஒருவருடைய மகளுக்கு வல்வெட்டித்துறையில் கலியாணம். அத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு வந்து கார்த் திறப்பைக் கேட்டார்.

"இன்னும் கண்டுபிடிக்கேல்லை, அண்ணை. காரை வெளியிலை எடுக்காதேங்கோ."

"ஒரு நாளைக்குத்தானே, தங்கச்சி. போய் வந்து திரும்ப விடுறன்."

"ஒரு நாளைக்கும் எடுக்காதேங்கோ. வாடகை வான் ஒண்டு பிடிச்சுக்கொண்டு போங்கோ."

"கலியாண வீட்டுக்கு நான் வானிலை போறதோ?"

அக்கா திறப்பைக் கொடுத்தார். கார் அவருடையது இல்லையே. ஆனால் கொடுக்கிறபோது அத்தானைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ஓடுறது ஆர்?"

"நான்தான்."

"அப்ப உங்களுக்குத்தான் சொல்லுறன், தம்பி. ஓடாதேங்கோ."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சரியென்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல் தப்பிக்கொள்கிற ஒரு சிரிப்பு. பிறகு ஏறி ஓடினேன்.

அச்சுவேலி தாண்டும் வரைக்கும் ஒன்றுமில்லை. தொண்டைமானாற்றுப் பாலம் கடந்த பிறகு திணறத் தொடங்கியது. நிறுத்தியிருக்கலாம். "முகூர்த்தத்துக்கு நேரமாகுது" என்றார் அத்தான். வல்வெட்டித்துறைக்குள் நுழைந்து ஒரு வளைவில் திரும்பும்போது கார் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. அமத்தினேன், எடுபடவில்லை. அடி வரைக்கும் அமத்தினேன். அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் மீன்பெட்டி கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்தார். எங்கள் கார் நிற்கிறது என்றுதான் அவர் நினைத்திருப்பார். பாதி வீதியில் அவர் வரும்போது கார் பாய்ந்தது.

பிரேக்கை அமத்தினேன். அது போதவில்லை.

அவருக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஐம்பத்தைந்து வயது, கடற்றொழிலாளி. வழியால் வந்த ஒரு வானில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது அவருடைய தலை என் மடியில் இருந்தது. அவர் கத்தவில்லை. "மீன் வெயிலுக்கை கிடக்குது, ஆரும் எடுத்து வையுங்கோ" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

காரைப் பொலிஸார் கொண்டு போனார்கள். ஒரு கிழமை கழித்து வாகனப் பரிசோதகர் வந்து பத்து நிமிடம் ஓடிப் பார்த்தார். அந்தப் பத்து நிமிடமும் கார் பட்டுப் போல ஓடியது. பழுது எதுவும் இல்லை என்று எழுதினார். அப்படியானால் முழுப் பிழையும் சாரதியுடையது. என் மேல் வழக்கு.

அத்தான் நல்லவர். என்னைக் காப்பாற்றவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு எண்ணம் இருக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடி சண்டிலிப்பாய்க்குப் போனார்.

"தங்கச்சி, ஒரு சின்னக் கடிதம்தான். கார் உம்மட்டை வந்தது, நீர் திருத்திக் குடுத்தனீர், பேந்து திடீரெண்டு ஒரு பழுது வந்திட்டுது எண்டு எழுதித் தாரும். அவ்வளவும் காணும்."

"நான் திருத்தேல்லை, அண்ணை."

"எழுத்துக்குத்தானே."

"திடீரெண்டும் வரேல்லை."

"அப்ப என்ன பழுது எண்டு சொல்லும் பாப்பம்."

"தெரியேல்லை."

அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. "பழுது என்னெண்டு தெரியாமல் ஓடாதேங்கோ எண்டு எப்பிடிச் சொன்னனீர்?"

"தெரியாததாலைதான் சொன்னனான்."

அத்தான் குரலைத் தாழ்த்தினார். "இவன் தாய் தகப்பன் இல்லாதவன். லைசன்ஸ் போகும். மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணினாலும் எண்ணுவான். யோசிச்சுப் பாரும்."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். "தம்பி மறியலுக்குப் போனால் ஒவ்வொரு நாளும் நான் சாப்பாடு கொண்டு போய்க் குடுப்பன். உந்தக் கடிதம் தர ஏலாது."

"உங்களுக்கு வேலை தெரியாது எண்டு சொல்லுங்கோ, முடிஞ்சுது" என்றேன் நான். அதுவரை அவரோடு மரியாதை தப்பி ஒரு சொல் கதைத்ததில்லை. அவர் கீழே கிடந்த, கார் தூக்கும் ஜக்கை எடுத்துச் சுவரோரம் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அவர்தான். உள்ளே வரவில்லை. படலையடியில் நின்றபடி, "அந்த அண்ணையைப் பாக்கப் போறன். வாறீங்களே?" என்றார்.

அந்த மனிதரை ஆஸ்பத்திரியில் விட்ட பிறகு நான் போய்ப் பார்க்கவில்லை. போகவேண்டாம், கதைத்தால் ஒத்துக்கொண்ட மாதிரி என்று எங்கள் சட்டத்தரணி சொல்லியிருந்தார். அந்தச் சொல் எனக்கு வசதியாகவும் இருந்தது. கராஜ் அக்கா ஸ்கூட்டரை அணைக்காமல் நின்றார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினேன்.

கடலுக்குக் கிட்ட இருந்த சின்ன வீடு. அடிபட்டவர் முற்றத்தில் வேப்பமர நிழலில், பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். கட்டுப் போட்ட கால் ஒரு முக்காலியில். மனைவி பாயில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"நீதானே ஓடினது?"

"ஓம்."

கராஜ் அக்கா முன்னுக்கு வந்தார். "அண்ணை, அந்தக் கார் நாலு நாள் என்னட்டை நிண்டது. பழுதை என்னாலை கண்டுபிடிக்க ஏலேல்லை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அவர் அவ்வளவோடு நிறுத்திவிட்டார். ஓடாதே என்று தான் சொன்னதைச் சொல்லவில்லை. நான் சொல்லுவேன் என்று காத்து நின்றாரா, அல்லது தன்னுடைய பங்கை மட்டும் சொல்ல வந்தாரா, இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

"இவ என்னை ஓடவேண்டாம் எண்டு சொன்னவ" என்றேன். "நான்தான் ஓடினனான்."

"சொல்லியும் பேந்து ஏன் எடுத்தனி?" என்று கேட்டார் அந்த அம்மா.

கலியாண வீடு, முகூர்த்தம், பின்னால் இருந்த அத்தான். அந்தக் காலுக்கு முன்னால் நின்று வாயைத் திறந்து சொல்லக்கூடிய காரணமாக அவற்றில் ஒன்றும் இருக்கவில்லை.

"இஞ்சாரும், விடும்" என்றார் கதிரையில் இருந்தவர். "தம்பி, அந்த நேரம் நான் உன்ரை முகத்தைப் பாத்தனான். என்னை விட நீதான் பயந்து போயிருந்தனி. இரு." பிறகு, எஞ்சினோடு பழகிய எந்த மனிதருக்கும் வருகிற ஆவலோடு கேட்டார். "அது சரி, கார் என்ன செய்தது?"

"அமத்தினன், எடுபடேல்லை. இன்னும் அமத்தினன். பேந்து ஒரேயடியாப் பாய்ஞ்சிட்டுது."

"கொஞ்சத் தூரம் ஓடினாப் பிறகுதானோ?"

"ஓம்."

"நிப்பாட்டி வைச்சு எடுத்தால் திரும்ப ஓடுமோ?"

"ஓம்."

அவர் சிரிக்கத் தொடங்கி, கால் நொந்து நிறுத்தினார். "உது எங்கடை போட் எஞ்சின் செய்யிற சேட்டையெல்லோ. எண்ணெய்த் தாங்கி மூடியிலை காத்துத் திருகு ஒண்டு இருக்கு. அதைத் திறக்க மறந்திட்டுப் போனால், கரையிலை நல்லா ஓடும். கொஞ்சம் வெளியாலை போக அடைச்சு நிண்டிடும். எண்ணெய் குறைய அந்த இடத்துக்குக் காத்து உள்ளை போக வேணும். போகாட்டில் எண்ணெய் எப்பிடி வெளியிலை வரும்?"

கராஜ் அக்கா இன்னும் கிட்ட வந்தார். "அண்ணை, திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ."

அவர் திரும்பச் சொன்னார். அக்கா அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் மணலில் குந்தியிருந்து கேள்விக்கு மேல் கேள்வியாகக் கேட்டார். கொண்டையிலிருந்த பென்சிலை எடுத்தார், கொப்பியைக் கொண்டு வரவில்லை, மணலிலேயே படம் கீறினார். அரை மணித்தியாலம் அப்படியே போனது. அந்த அம்மா தேத்தண்ணி போட்டுக் கொண்டு வந்தார். கணவருக்கு ஒன்று, கராஜ் அக்காவுக்கு ஒன்று. பிறகு சிறிது நேரம் நின்றுவிட்டு உள்ளே போய் மூன்றாவதைக் கொண்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் எனக்குப் பக்கத்தில் வைத்தார்.

பொலிஸார் காரை விட்ட அன்று கராஜ் அக்காவே அதை ஓடினார். நான் பக்கத்தில். இருபது நிமிடம் கழித்துத் திணறத் தொடங்கியதும் ஓரமாக நிறுத்தினார். பொனற் பக்கமே போகவில்லை. நேரே பின்னால் போய்ப் பெற்றோல் மூடியைத் திறந்தார். 'ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம், தாங்கி மூச்சு இழுப்பது போல. மூடியைப் பூட்டி மறுபடி ஓடினார். பட்டு.

கராஜில் காருக்குக் கீழே படுத்து, தாங்கிக்குக் காற்றுப் போகிற குழாயைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதன் வாயில் ஒரு குளவி மண்கூடு. கொட்டகைக்குள் கார் நின்ற அந்த ஐந்து மாதத்தில் கட்டியது. உடைத்தபோது உள்ளே காய்ந்த புழுக்கள் நாலைந்து இருந்தன.

நான் சந்தோசத்தில் துள்ளினேன். அவர் அந்த மண் கட்டியைக் கையில் வைத்தபடி நிலத்தில் இருந்துவிட்டார்.

"பெற்றோல் அடிச்சால் நல்லா ஓடுது எண்டு நீங்கள் சொன்னனீங்கள்" என்றார். "மூடியைத் திறக்கிறதாலை காத்துப் போயிருக்கு. நான் பெற்றோலைப் பாத்தன், தம்பி. மூடியைப் பாக்கேல்லை."

அவர் கண் கலங்கியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அன்றைக்கே கேட்காமல் ஒரு கடிதம் எழுதித் தந்தார். மூன்று வரி. காரில் இன்ன பழுது இருந்தது. நான்கு நாள் பார்த்தும் தன்னால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அடிபட்டவர் சொன்ன பிறகே தனக்குத் தெரிந்தது. பழுது தீராததால் காரை ஓடவேண்டாம் என்று சாரதியிடம் நேரில் சொன்னார். அத்தான் வாசித்துவிட்டு, "மூண்டாவது வரியை எடுத்துப்போட்டு வேறை தாளிலை எழுதி வாங்கு. நீ தப்பலாம்" என்றார். தமக்கை அடுப்படியிலிருந்து வெளியே வந்து என்னைப் பார்த்தாள்.

நான் கடிதத்தை அப்படியே கொடுத்தேன். நீதவான் வாசித்து முடித்துத் தலையை நிமிர்த்தி, "மூன்றாவதாக எழுதியிருப்பது உண்மையா?" என்று கேட்டார். "ஓம், ஐயா" என்றேன். தண்டம், நட்டஈடு, ஒரு வருடத்துக்கு லைசன்ஸ் இல்லை. மறியல் இல்லை. வெளியே வந்தபோது கராஜ் அக்கா மரத்தின் கீழ் ஸ்கூட்டரில் இருந்தார். பையில் ஒரு சாப்பாட்டுப் பார்சல் இருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பிரித்துச் சாப்பிட்டோம்.

அத்தான் காரை விற்றுவிட்டார். வாங்க வந்தவருக்குக் குளவிக் கதை முழுவதையும் கராஜ் அக்கா சொன்னார். யார் கேட்டாலும், "நான் கண்டுபிடிக்கேல்லை, வல்வெட்டித்துறையிலை ஒரு அண்ணை கண்டுபிடிச்சவர்" என்றுதான் தொடங்குவார். அந்த அண்ணை எட்டு மாதம் கழித்துக் கடலுக்குப் போனார். நடை கொஞ்சம் இழுத்தது, அது மாறவில்லை. அவருடைய ஊரிலிருந்து போட் எஞ்சின்கள் சண்டிலிப்பாய்க்கு வரத் தொடங்கின. விளங்காத இடத்தில் கராஜ் அக்கா அவருக்குப் போன் எடுப்பார். இரண்டு பேரும் சத்தமாகக் கதைப்பார்கள், சிரிப்பார்கள்.

கராஜ் இருந்த காணியை உரிமையாளர் திரும்பக் கேட்டபோது, கிளிநொச்சியில் தங்கையின் வீட்டு வளவில் வேலை தொடங்கப் போவதாக அவர் சொன்னார். அங்கே போன பிறகு சில தடவை போனில் கதைத்தோம். பிறகு அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்றது.

சாமான்களை ஏற்றிய நாள் என்னை வரச் சொல்லியிருந்தார். லைசன்ஸ் கைக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் ஸ்ரேறிங்கைத் தொட்டிருக்கவில்லை. அது அவருக்குத் தெரியும். பெரிய சாமான்கள் லொறியில் முன்னுக்குப் போய்விட்டன. மிச்சத்தை ஏற்றிய அவருடைய பழைய வான் ஒழுங்கையில் நின்றது. திறப்பை என்னிடம் நீட்டினார்.

"அக்கா, பயமாயிருக்கு."

"ஓம், இருக்கும்" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கத்தால் ஏறி இருந்துகொண்டார்.

சாவகச்சேரி வரை என் முதுகு இருக்கையில் படவில்லை. சைக்கிள் ஒன்று தூரத்தில் தெரிந்தாலும் கால் பிரேக்குக்குப் போனது. அவர் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஆனையிறவு வெளி வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், வெயில், எதிர்க்காற்று. ஏதோ கேட்க அவர் பக்கம் திரும்பினேன். தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் சற்றுத் திறந்திருக்க, நல்ல நித்திரை.

கிளிநொச்சியில் தங்கையின் வளவுக்குள் திருப்பி, மர நிழல் பார்த்து நிறுத்தினேன். எஞ்சினை அணைத்த பிறகும் அவர் எழும்பவில்லை. தங்கையின் வீட்டார் வாசலுக்கு வந்தார்கள். நான் உதட்டில் விரல் வைத்து அவர்களை அங்கேயே நிற்கச் சொன்னேன்.